ஊசி முந்துமா, தண்ணீர் முந்துமா?

சிங்கப்பூரில் கம்பளி உடுப்பு எதற்கு என்று கேட்பவர், பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக ஏர்கான் துவாரத்துக்கு நேர்கீழே உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். வெளியே 32 டிகிரி, உள்ளே 22. ரயிலில் அதே கதை, திரையரங்கில் அதைவிட மோசம். குளிர்நாட்டுக் கோட்டு இங்கே உதவாது. கைப்பையில் சுருட்டிப் போடும்படி, கையில்லாமல், 150 கிராமுக்குள் அடங்கும் ஒரு மேற்சட்டை போதும். தறியும் பின்னல் ஊசியும் தையல் இயந்திரமும் இல்லாமலே அதைச் சீவிய கம்பளியிலிருந்து நேராக உண்டாக்கிவிடலாம். அந்த வேலைக்குப் பெயர் ஃபெல்டிங்.

அதில் இரண்டு வழி உண்டு. சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து உருட்டுவது ஈர ஃபெல்டிங். பக்கவாட்டில் முட்கள் வெட்டிய ஊசியால் காய்ந்த கம்பளியைக் குத்திக் குத்தி இறுக்குவது ஊசி ஃபெல்டிங். பூவேலை செய்த சட்டை வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலான சட்டைகள் கெட்டுப்போகின்றன. சட்டையை முழுக்க முடித்துக் காயவைத்து, அதன்மேல் பூவை ஊசியால் குத்துவதுதான் பலரும் செய்வது. அப்படிக் குத்திய பூ புதிதில் பளிச்சென்று இருக்கும். பத்து முறை போட்டுக் கழற்றியதும் ஓரம் எழும்பும், மேலே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். இறுகி முடிந்த துணிக்குள் ஊசி கொண்டுபோகும் இழைகள் சில மட்டுமே. பூவின் மற்ற இழைகள் மேலேயே நிற்கின்றன, அவ்வளவுதான். ஊசி வேலையில் முக்கால் பங்கைத் தண்ணீருக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இதன் காரணம் இழையிலேயே இருக்கிறது. கம்பளி இழையின் மேல் மீன் செதிலைப் போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. எல்லாம் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். அதனால் இழை அடிப்பக்கமாக எளிதில் நகரும், திரும்பி வராது. வெதுவெதுப்பும் ஈரமும் சோப்பின் காரமும் இழையை ஊதவைத்து வழுக்கலாக்க, கை அசைக்க அசைக்க ஒவ்வோர் இழையும் ஒரே திசையில் ஊர்ந்து மற்றவற்றுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. தலைமுடியில் விழுந்த சிக்கைப் பொறுமை இருந்தால் பிரித்துவிடலாம். கம்பளியில் விழுந்த சிக்கு விழுந்ததுதான். தளர்வாக இருக்கும்போது பக்கத்தில் வைத்த எதையும் கம்பளி தன்னோடு கட்டிக்கொள்ளும். இறுகிய பிறகு யாரையும் உள்ளே விடாது. பூவை எப்போது வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

கம்பளி வாங்கும்போது மெரினோ டாப்ஸ் என்று கேளுங்கள். இழைகள் ஒரே திசையில் சீவி, நீண்ட பட்டையாக வரும். இழைத் தடிமன் 19 முதல் 21 மைக்ரான் வரை உள்ளது உடம்பில் படும் உடுப்புக்கு ஏற்றது. அதைவிடத் தடித்தது கழுத்தில் குத்தும். ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். இயந்திரத்தில் துவைக்கும்போது சுருங்காதிருக்க அதன் செதில்களை மழுக்கியோ மூடியோ விட்டிருப்பார்கள், எவ்வளவு தேய்த்தாலும் சேராது. ஐயமிருந்தால் ஒரு சிட்டிகை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளங்கைகளுக்கிடையே இரண்டு நிமிடம் உருட்டுங்கள். கெட்டியான மணியாகத் திரண்டால் நல்ல கம்பளி. கைவினைக் கடைகளில் சிறு பொட்டலங்களில் கிடைக்கும் பல நிறக் கம்பளி பூவுக்குப் போதும். சட்டையின் உடலுக்கு ஒரே சாயத்தொகுதியில் 120 கிராம் சேர்த்து வாங்குவது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் அதே நீலம் கிடைக்காது.

முழுக்கக் கம்பளியிலேயே செய்தால் சட்டை கனக்கும், இங்கே யாரும் போடமாட்டார்கள். அதனால் நூனோ முறைக்கு வருவோம். மெல்லிய துணியின் மேல் மெல்லிய கம்பளி அடுக்கைப் பரப்பி, இழைகளைத் துணியின் கண்கள் வழியே ஊடுருவ வைப்பது. நூனோ என்றால் ஜப்பானிய மொழியில் துணி. பெயர்தான் ஜப்பானியம், முறை 1990களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. துணி உள்பக்கம் வருவதால் தோலில் படுவது பட்டுதான். கம்பளி அரிக்கும் என்ற புகாருக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

எந்தத் துணி? துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் விரலில் காற்று தாராளமாகப் பட்டால் கம்பளியும் போகும். பட்டு ஷிஃபான், 5 மம்மி (பட்டின் கனத்தைச் சொல்லும் அலகு) ஹபோடாய் என்ற மெல்லிய பட்டு, பருத்தி மல்மல் எல்லாம் தேறும். காஞ்சிபுரம் தேறாது: நெசவு நெருக்கம், போதாக்குறைக்குச் சரிகை. அம்மாவின் பழைய ஷிஃபான் சேலை பட்டாக இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஒரு சேலையில் மூன்று சட்டைக்குத் துணி தேறும். புதிதாக வாங்குவதானால் அராப் ஸ்திரீட் துணிக்கடைகளிலோ லிட்டில் இந்தியாவிலோ 110 செ.மீ. அகலத்தில் 1.8 மீட்டர் கேளுங்கள். ‘ஷிஃபான்’ என்று எடுத்துத் தருவதில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு நொறுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

அடுத்ததைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்: மாதிரித் துண்டு. 30க்கு 30 செ.மீ. பட்டின் மேல் 8 கிராம் கம்பளியை இரண்டு அடுக்காகப் பரப்பி, கடைசி வரைக்கும் ஃபெல்ட் செய்து, காயவைத்து அளந்து பாருங்கள். 20க்கு 20 ஆகியிருந்தால் சுருக்கக் கணக்கு 1.5. அதாவது முடிந்த அளவை 1.5ஆல் பெருக்கினால் பரப்ப வேண்டிய அளவு. ‘மூன்றில் ஒரு பங்கு சுருங்கும்’ என்று படித்துவிட்டு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் பரப்புவது வழக்கமான தவறு. 60 செ.மீ. வேண்டுமானால் 80 பரப்புவார்கள். 80இல் மூன்றில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 53. சட்டை தங்கைக்குப் போகும்.

கணக்கை ஒரு சட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். மார்புச் சுற்று 100 செ.மீ. (உடம்பு 92, தளர்ச்சி 8), நீளம் 56 என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சுற்று 50. ஆகவே கம்பளி பரப்பும் அச்சின் அகலம் 75, நீளம் 84. தோளில் இருபுறமும் 4 செ.மீ. சரிவு. கழுத்தை இப்போதே வெட்ட வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1.2 சதுர மீட்டர். மாதிரியில் சதுர மீட்டருக்கு 89 கிராம் போனது, இங்கே 105 முதல் 110 கிராம் வரை போகும். பட்டு 26, பூக்கள் 10. எல்லாம் சேர்ந்து 150ஐத் தாண்டவில்லை. அச்சுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்போ தரைக்கு அடியில் போடும் மெல்லிய ஃபோம் தாளோ ஏற்றது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே நின்று பிரித்து வைப்பது அதன் வேலை. தையல் இல்லாத சட்டை வருவது அதனால்தான்.

இனிப் பூ. புள்ளிக்கோலம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் சட்டையில் வேண்டாம். துணி எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. வட்டம் முட்டை வடிவாகும், நேர்க்கோடு நெளியும், கோலத்தில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் கண்ணில் குத்தும். பூவிதழ் கொஞ்சம் கோணினால் இயல்பாகவே இருக்கும். 1981 முதல் இந்நாட்டின் தேசிய மலராக இருக்கும் வாண்டா மிஸ் ஜோக்கிம் இதற்கென்றே பிறந்தது போல: இளஞ்சிவப்பு கலந்த ஊதா, அகன்ற உதடு, தொண்டையில் ஆரஞ்சு. நிறம் நிறத்துக்குள் கரையும் இடங்கள் அதில் நிறைய. அங்கேதான் ஊசிக்கு வேலை.

முதலில் அரைவேக்காட்டுத் தாள்கள் செய்துகொள்ளுங்கள். ப்ரீஃபெல்ட் என்பது அதுதான். 35க்கு 35 செ.மீ. பரப்பில் 10 கிராம் கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காகப் போட்டு, நனைத்து, மென்மையாகத் தேய்த்து, தூக்கினால் கிழியாத நிலைக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். இளஞ்சிவப்பில் ஒன்று, ஊதாவில் ஒன்று. அலசிக் காயவைத்த தாளைக் கெட்டி ஸ்பாஞ்சின் மேல் வைத்து, 38ஆம் எண் ஊசியால் நிழல்களைக் குத்துங்கள். ஊசியின் எண் ஏறினால் தடிமன் குறையும்: 36 முரட்டு வேலைக்கு, 38 பொதுவானது, 40 நுணுக்கத்துக்கு, 42 மெருகுக்கு. இதழடியில் ஆழ்ந்த ஊதா, நுனியில் வெளிறல், உதட்டின் நடுவே ஒரு சிட்டிகை ஆரஞ்சு. ஒரு கொத்துக் கம்பளியைப் பிரித்து முடி அளவுக்கு மெல்லியதாக்கியே வையுங்கள். திட்டாக வைத்தது திட்டாகவே நிற்கும். நுழைந்த கோணத்திலேயே ஊசி வெளியே வர வேண்டும். குத்தியபடியே கையைத் திருப்பினால் முனை ஒடியும். ஒடிந்த முனையைத் தேடி எடுக்காமல் வேலையைத் தொடராதீர்கள். ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முனை சட்டைக்குள் போனால் பிறகு தோலில்தான் அகப்படும்.

குத்தி முடித்த பிறகே இதழ்களை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுக் குத்தினால் ஓரம் பிசிறும். பூ 7 செ.மீ. வேண்டுமானால் வெட்டுவது 10 செ.மீ., அதாவது 1.4 மடங்கு. அரைவேக்காட்டில் கொஞ்சம் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் இங்கே 1.5 போடக் கூடாது. தாளை முன்பே அதிகம் இறுக்கிவிட்டால் சட்டை சுருங்கும், பூ சுருங்காது. பூவைச் சுற்றி அப்பளம் பொரிந்த மாதிரி அலையெழும். இதற்குப் பின்னால் மருந்து கிடையாது.

பரப்புவதற்கு மின்விசிறியை அணைத்தாக வேண்டும். வியர்க்கும்தான். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு நன்மை இருக்கிறது: குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் போலக் கம்பளி மின்னேறிக் கையோடு ஒட்டிக்கொண்டு வராது. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு, அதன் மேல் பபிள் ராப் குமிழ் மேல்நோக்கி, அதன் மேல் அச்சு, அச்சின் மேல் பட்டு. பட்டு அச்சைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். கம்பளிப் பட்டையை ஒரு கையால் தளர்வாகப் பிடித்து, நுனியை மறு உள்ளங்கையின் அடியால் அழுத்தி இழுத்தால் 10 செ.மீ. நீளத்தில் மெல்லிய கொத்து வரும். ஓடு வேய்வது போல ஒன்றன் பாதியை மற்றது மூட வரிசையாக வையுங்கள். முதல் அடுக்கு குறுக்காக, இரண்டாவது நெடுக்காக. பாதிக் கம்பளியைத் தராசில் பிரித்து வைத்துக்கொண்டு முன்பக்கத்தைத் தொடங்குங்கள். கண்ணளவை நம்பினால் முன்பக்கம் தடித்து, பின்பக்கம் வலையாகும். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து ஓட்டை தெரிந்தால் இப்போதே ஒரு கொத்து வையுங்கள். அச்சின் ஓரத்தில் கம்பளி மெலிந்தே வெளியே நீள வேண்டும், ஏனெனில் திருப்பும்போது இரண்டு பக்கத்தின் விளிம்பும் அங்கே சேரும். தடிமனாக விட்டால் பக்கவாட்டில் வரப்பு போல ஒரு மேடு எழும்.

தண்ணீர் விஷயத்தில் நூனோவுக்கு ஒரு தனி விதி. சாதாரண ஃபெல்டிங்குக்குப் பழகியவர்கள் உடனே வெந்நீரை எடுப்பார்கள். அது கெடுதல். சூடு பட்டதும் கம்பளி இழைகள் தங்களுக்குள்ளேயே பின்னிக்கொண்டு, பட்டின் கண்ணுக்குள் போக நேரமில்லாமல் போய்விடும். முடிவில் கம்பளி தனியாக, பட்டு தனியாக உரிந்து வரும். குழாய்த் தண்ணீரே போதும். துருவிய ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு 10 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டுத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் நுரையை மலையாக்கும், நுரை மெத்தை போல நின்று இழைகள் உரசுவதைத் தடுக்கும். மெல்லிய வலைத்துணி போர்த்தி, நடுவிலிருந்து வெளியே அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். முன்பக்கம் நனைந்து படிந்ததும் திருப்பி, நீண்ட விளிம்பை அச்சின் மேல் மடித்து, பின்பக்கத்தையும் அதேபோல.

பூ இப்போது. நனைந்த கம்பளியின் மேல் இதழ்களை அடுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, வலை போர்த்தி விரல்நுனியால் ஒவ்வொன்றையும் இதழ் நகராதபடி ஐந்து நிமிடம் தேயுங்கள். இங்கே ஊசியை எடுக்கக் கூடாது. குத்தினால் ஊசி அச்சைத் துளைத்து மறுபக்கக் கம்பளியையும் சேர்த்துக் கட்டிவிடும், முட்கள் பட்டிழையையும் அறுக்கும். கருநீலச் சட்டையில் வெளிர் நிறப் பூ வைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்: அடியிலுள்ள கரிய இழைகள் இதழ் வழியே மேலே வந்து எட்டிப்பார்க்கும், வெளிர் நிறம் சாம்பல் பூத்துவிடும். அந்த இதழ்களை மட்டும் மூன்று அடுக்குத் தாளில் வெட்டுங்கள்.

இனி உருட்டல். நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் ஃபோம் குழல் அருமையான உருளை. பபிள் ராப்போடு சேர்த்துச் சுருட்டி, துண்டில் கட்டி, முன்னங்கையால் 100 முறை. அவிழ்த்துச் சுருக்கம் நீவி, எதிர்முனையிலிருந்து 100. பிறகு இரு பக்கவாட்டிலிருந்தும் நூறு நூறு. திருப்பிப் போட்டு மறுபடி அதே. ஒவ்வொரு முறையும் அவிழ்த்து நீவாவிட்டால் மடிப்பு மடிப்பாகவே ஒட்டிக்கொள்ளும். அச்சு உள்ளே வளைய ஆரம்பித்தால் துணி அதைவிடச் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். முன்நடுவில் மேலிருந்து கீழ் வரை வெட்டி அச்சை உருவுங்கள். உள்பக்கப் பட்டின் மேல் கம்பளி இழைகள் பனிபோல் முளைத்திருக்க வேண்டும். முளைக்காத இடம் இருந்தால் சூடு காட்டாமல் அங்கே மட்டும் கையால் தேயுங்கள். கழுத்தை ஆழமாக வெட்டாதீர்கள். கைத்துவாரத்தைப் பக்கமடிப்பின் வழியே 18 செ.மீ. மட்டும் பிளந்தால் போதும், இழுபட்டு விரியும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் சோப்பு தடவி விரலிடுக்கில் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும். தேய்க்காமல் விட்டால் சட்டையின் ஆயுள் முழுதும் அந்த ஓரம் இரண்டு உதடாகப் பிளந்தே இருக்கும்.

இதன் பிறகுதான் வெந்நீர். 50 டிகிரி அளவில், ரப்பர் கையுறையோடு. சட்டையை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து போடுங்கள், 50 முறை. உதறி விரித்து அளந்து, மறுபடி. வீவக அடுக்குமாடி வீட்டில் இதை இரவில் செய்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார், பகலில் குளியலறைத் தரையில் தடித்த துண்டு விரித்துச் செய்யுங்கள். தண்ணீர் போகும் துவாரத்தின் மேல் ஒரு வலைத்துணி போடவும் மறக்க வேண்டாம். உதிரும் கம்பளி குழாய்க்குள் போய் அங்கேயும் ஃபெல்ட் ஆகும். நீளம் சரியாகி அகலம் இன்னும் மிஞ்சியிருந்தால் அகலத் திசையில் மட்டும் உருட்டுங்கள். உருட்டும் திசையில்தான் சுருக்கம் அதிகம். 50க்கு 56 வந்ததும் உடனே நிறுத்துங்கள். விரல் நகத்தால் மேற்பரப்பைக் கிள்ளிப் பார்த்தால் தனி இழை எழக் கூடாது. எழுந்தால் இன்னும் இறுகவில்லை, அந்தச் சட்டைதான் பின்னால் பிசிறு கட்டும்.

ஒரே நாளில் முடியாது போனால் சோப்போடு ஊறவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இந்த வெக்கையில் காலைக்குள் வாடை வரும். அலசிப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

முடிந்ததும் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, 5 லிட்டர் தண்ணீரில் கால் கப் வெள்ளை வினிகர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். மிஞ்சிய காரம் பட்டையும் கம்பளியையும் நாளடைவில் நொய்ந்துபோகச் செய்யும். துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் வாங்கி, கம்பி வலைத்தட்டில் படுக்கையாக விரித்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். மூங்கில் கழியில் மாட்டினால் தண்ணீர்க் கனத்தில் தோள் இரண்டும் காது போல நீளும்; வெயிலில் ஊதா வெளுக்கும். மழைக்காலத்தில் ஒன்றரை நாள் ஆகலாம்.

காய்ந்த பிறகு ஊசிக்கு மறுபடி முறை வருகிறது, கொஞ்சமாக. சுருக்கத்தில் மங்கிய இதழ் நரம்புகள், உதட்டின் ஆரஞ்சு ஓரம், இவற்றை மட்டும் 42ஆம் எண் ஊசியால், துணிக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்த்து, கம்பளி அடுக்குக்குள்ளேயே நிற்கும்படி குத்துங்கள். பட்டுப் பக்கம் கைவைத்துப் பார்த்தால் முனை தட்டுப்படக் கூடாது. எழும்பி நிற்கும் இதழோரத்தை ஊசியால் அடக்கப் பார்ப்பது வீண்வேலை. அதே நிறப் பட்டு நூலால் உள்ளிருந்து இரண்டு தையல் போடுவது நேர்மை.

பாதுகாப்பது தனிப் பாடு. சுவரில் சாம்பல் நிறப் பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு, இரு முனையிலும் தலை நீட்டிக் கூட்டைச் சுமந்து ஊரும் புழுவை இங்கே பார்க்காத வீடு இல்லை. அதற்குக் கம்பளி விருந்து. அந்துருண்டை போட்டு வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் நாப்தலீன் உருண்டை கூடவே கூடாது, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். துவைத்து நன்றாகக் காய்ந்த சட்டையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். புழு இருக்கிறதோ என்ற ஐயம் வந்தால் காற்றை வெளியேற்றி மூடிய பையில் உறைபெட்டியில் −18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். நம் காற்றில் நொடியில் நீர் பூத்துக் கம்பளி நனைந்துவிடும். சில மணி நேரம் மேசையில் கிடந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.